மேக்கணக்குப் பெரட்டு

என் தம்பி புவனேந்திரன் கொழும்பிலிருந்து வந்தால் வீட்டுக்கு ஒரு தனிக் களை வந்துவிடும். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான். வந்ததும் வராததுமாக அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, "அப்பா, நா யாரு சொல்லுங்க பாப்போம்?" என்பான். அப்பா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "புவனேந்திரன்" என்று சொல்லிவிடுவார். உடனே அவன் என்னைத் திரும்பிப் பார்ப்பான், வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தவன் மாதிரி.

எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவருக்குச் சோறு பிசைந்து கொடுப்பது நான். உடுப்புத் துவைப்பது நான். குளிசை விழுங்க வைக்க ஒரு மணி நேரம் கெஞ்சுவதும் நான்தான். ஆனால் இரண்டு வருஷமாக அவர் வாயிலிருந்து என் பெயர் வரவில்லை. கலாராணி என்று முழுசாகச் சொல்ல வேண்டாம், கலா என்று ஒரு தடவை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? அவருக்கு நான் ஆயாம்மா. தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார், கைப்பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாம்மா இருப்பார். எங்கள் ஆயாம்மா செத்து எவ்வளவோ காலம் ஆகிறது. அவருடைய வேலையை, சம்பளமில்லாமல், அப்பா எனக்குக் கொடுத்துவிட்டார்.

விடிந்ததும் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டு வாசலில் இறங்கி விறைப்பாக நிற்பார். அவர் கவ்வாத்து வெட்டியவர். தேயிலைச் செடி மரமாகிவிடாமல் இடுப்பளவுக்கு வெட்டி வைக்கிற வேலை அது. அந்த வேலைக்குப் போகத்தான் இன்னமும் பெரட்டில் நிற்கிறார். பெரட்டு என்றால் காலையில் எல்லோரும் கூடி நிற்க, கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. மழையோ பனியோ, அவர் நின்றுகொண்டுதான் இருப்பார். நான் போய், "பெரட்டு கலைஞ்சிருச்சு, உள்ள வாங்க" என்றால்தான் திரும்புவார். திரும்பும்போது தவறாமல் ஒரு வார்த்தை சொல்வார்.

"ஆயாம்மா, புள்ள அழுதா கொஞ்ச நேரம் தூக்கிக்கிட்டு நில்லுங்க."

"எந்தப் புள்ள?" என்று கேட்டால் சிரிப்பார். நான் விளையாடுகிறேன் என்று அவருக்கு நினைப்பு. எந்தப் பிள்ளையாக இருக்கும், அவருடைய செல்ல மகன் புவனேந்திரன்தான் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டு வெடுக்கென்று உள்ளே போய்விடுவேன்.

இந்தத் தடவை தம்பி ஒரு திட்டத்தோடு வந்திருந்தான். ஹல்துமுல்லைக்கு மேலே, காட்டோரமாக, எங்கள் தோட்டத்தின் மேக்கணக்கு இருந்தது. கணக்கு என்று நாங்கள் சொல்வது தோட்டத்தின் ஒரு பிரிவை. நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது மண் சரியப்போகிறது என்று எல்லோரையும் கீழ்க்கணக்குக்கு இறக்கிவிட்டார்கள். லயங்கள் இடிந்தன. தேயிலையைக் காடு பிடித்துக்கொண்டது. இப்போது அந்த மலை முழுதும் வனவிலங்குச் சரணாலயம். அப்பாவும் அம்மாவும் வியர்வை சிந்திய இடத்தைப் பார்க்க டிக்கெட் எடுக்க வேண்டும்.

"அப்பாவ அங்க கூட்டிட்டுப் போவோம்க்கா" என்றான் தம்பி. "பழைய எடத்தப் பாத்தா இந்த மாதிரி ஆளுங்களுக்கு ஞாபகம் திரும்புமாம். நா போன்ல படிச்சேன்."

"நீ போன்ல படிச்சா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

கிண்டலாகச் சொன்னேனே தவிர, அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. ஞாபகம் திரும்பினால் என் பெயரும் திரும்பி வரும் அல்லவா? வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த ஆசையில்தான் மறுநாள் விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

பண்டாரவளையிலிருந்து வாஹித் வேனைக் கொண்டுவந்தார். தம்பியோடு படித்தவர், நல்ல மனுஷன், ஆனால் அட்டைக்கு மட்டும் அப்படிப் பயப்படுவார். வழி நெடுக, "அக்கா, மேல அட்டை நெறைய இருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அப்பாவுக்குத் தம்பி புதுக் காற்சட்டையும் சேர்ட்டும் வாங்கி வந்திருந்தான். அவர் அதையெல்லாம் மறுக்காமல் போட்டுக்கொண்டு, அதற்கு மேலே படங்கைச் சுற்றிக்கொண்டார். தம்பி அதை அவிழ்க்கப் பார்த்தான். அப்பா ஒரு பார்வை பார்த்தார், தம்பி கையை எடுத்துவிட்டான்.

சரணாலயத்து வாசலில் எங்கள் பைகளைத் திறந்து பொலித்தீன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். என் ரொட்டியைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார்கள். எங்களோடு வழிகாட்டியாக வந்த வனக்காவலரின் பெயர் விமலசிறி. இளவயது. தமிழ் கொஞ்சம் பேசுவார். அவருடைய காக்கி உடுப்பைப் பார்த்ததும் அப்பா போய் அவர் முன்னால் நேராக நின்றுகொண்டார், கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியபடி. விமலசிறிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே, "வாங்க சீயா" என்று தாத்தாவைக் கூப்பிடுவது போலச் சிங்களத்தில் கூப்பிட்டு அவர் தோளைத் தொட்டார்.

"சத்தம் போட வேணாம்" என்று எங்களுக்குச் சொன்னார். "எல்லாரும் ஒண்ணா வரணும். மேல ஒரு சிறுத்தைப்புலி குட்டியோட நிக்குது."

வாஹித் என்னைப் பார்த்தார். அட்டைப் பயம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

காடு நன்றாகத்தான் இருந்தது. ஏதாவது குறை சொல்லலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. மரங்களில் பாசி பிடித்துத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு காட்டுச்சேவல் பாதையைக் கடந்து போனது. விமலசிறி விரலை நீட்டிய இடத்திலெல்லாம் ஏதோ ஓர் உயிர் இருந்தது. எனக்கு அவற்றில் பாதி கண்ணுக்குத் தெரியவில்லை, தெரிந்த மாதிரித் தலையாட்டினேன். அப்பா எங்கள் எல்லோரையும் விட வேகமாக ஏறினார். வீட்டில் கக்கூசுக்குப் போகக் கைபிடிக்க வேண்டிய மனுஷன், இங்கே வேர்களில் கால் வைத்துத் தானாக ஏறிப் போனதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஓரிடத்தில் மரங்கள் சட்டென்று மாறின. மெலிந்த தண்டுகள், தலைக்கு மேலே கிளைகள், கிளை நிறைய வெள்ளைப் பூ. நான் ஓர் இலையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது தேயிலை. யாரும் வெட்டாததால் தேயிலை முழுவதும் மரமாகி நின்றது. வரிசை மட்டும் மாறவில்லை. மேக்கணக்குக்கு வந்துவிட்டோம்.

அப்பா நின்றார். அண்ணாந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"எவன் இத கவ்வாத்து வெட்டாம விட்டது?" என்றார். "தொர பாத்தா என்ன சொல்லுவாரு?"

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாக்கா, ஞாபகம் வருது!" என்று என் கையைப் பிடித்தான். அப்பாவின் முன்னால் போய் நின்று, அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டேன்.

"நா யாரு? என்னத் தெரியுதா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன ஆயாம்மா, நீங்க மலைக்கு வந்துட்டீங்க?" என்றார்.

தம்பி சிரித்துவிட்டான். கெட்ட எண்ணத்தில் இல்லை, அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தான். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. விமலசிறி பாதை பார்க்கக் கொஞ்சம் முன்னால் போயிருந்தார். வாஹித் ஒரு கல்லில் உட்கார்ந்து காலில் ஏறிய அட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். சத்தம் போடக் கூடாத அந்த இடத்தில், இரண்டு வருஷமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன்.

"சிரிடா. ஒனக்கு ஏன் சிரிப்பு வராது? ஒம் பேரத்தான சொல்றாரு! வருஷத்துக்கு ரெண்டு நாளு வந்து கால்ல உக்காந்தா மகன். கூடவே கெடந்து சாவுறவ ஆயாம்மா!"

"நா என்னக்கா செய்வேன்? அவரு சொல்றதுக்கு நா பொறுப்பா?"

"ஒரு மாசம் வந்து வச்சிப் பாரு. அப்ப தெரியும் யாரு பொறுப்புன்னு."

அவனும் விடவில்லை. அம்மா இராக்கம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யார் வந்தது, யார் வரவில்லை என்பது வரைக்கும் போய்விட்டது. வாஹித் எழுந்து வந்து, "அக்கா, அக்கா" என்றார். எங்களைச் சமாதானம் பண்ண வருகிறார் என்று நினைத்து அவரிடமும் ஏதோ சொல்லப்போனேன்.

"அது இல்லக்கா. ஐயாவக் காணோம்."

அப்பா நின்ற இடத்தில் அப்பா இல்லை.

பக்கத்தில்தான் இருப்பார் என்று முதலில் நினைத்தோம். தேயிலை மரங்களுக்கு இடையில் புகுந்து, "அப்பா! அப்பா!" என்று கூப்பிட்டோம். விமலசிறி ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த ரேடியோவில் சிங்களத்தில் ஏதோ சொன்னார், பதில் கரகரவென்று வந்தது. மற்றவர்கள் வாசலிலிருந்து ஏறி வர நேரம் ஆகும். அந்தப் பக்கம் பழைய மண்சரிவு, நிலம் சட்டென்று அறுந்து பள்ளம் விழும் என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து பனிமூட்டம் ஏறி வந்து அந்தப் பக்கத்தை மூடிவிட்டது.

"நீங்க எறங்க வேணாம்" என்றார் விமலசிறி. "நீங்களும் தொலைஞ்சா நான் தேட ஏலாது. இங்க நிண்டு கூப்புடுங்க. சத்தம் போடுங்க, பரவாயில்ல. எனக்குச் சீயாவுட சத்தம் ஒண்ணு கெடச்சாப் போதும்."

தொண்டை கிழியக் கத்தினோம். தம்பி, "அப்பா, நான் புவனேந்திரன்!" என்று கத்தினான். அவன் பெயருக்கும் பதில் வரவில்லை. இந்த மனுஷன் என் பெயரைச் சொல்ல வேண்டாம், ஆயாம்மா என்று கூப்பிட்டே இன்னும் பத்து வருஷம் என் உயிரை வாங்கட்டும், கிடைத்தால் போதும் என்று முனியாண்டியிலிருந்து எல்லாச் சாமிகளையும் கும்பிட்டேன்.

வாஹித்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க அப்பா அப்பான்னு கூப்புடுறீங்க. தனக்கு வளந்த புள்ளைங்க இருக்குன்ற நெனப்பே ஐயாவுக்கு இப்ப இல்ல. யாரோ யாரையோ கூப்புடுறாங்கன்னுதானே இருப்பாரு?"

சுருக்கென்று குத்தியது. ஆனால் உண்மை. அப்படியானால் யார் கூப்பிட்டால் அவர் வருவார்? இந்த மலையில், படங்கைக் கட்டிக்கொண்டு, அவர் யாருடைய குரலுக்குக் காத்திருப்பார்? தினமும் விடியற்காலையில் வாசலில் போய் அவரை உள்ளே கூட்டி வருகிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பக்கத்திலிருந்த பாறையில் ஏறினேன். கணக்கப்பிள்ளையின் குரல் எனக்கு நினைவிருந்தது, கீழ்க்கணக்கிலும் அந்த ஐயாதான் அதே வரிசையில் பெயர் கூப்பிட்டார். குரலைத் தடிப்பாக்கிக்கொண்டேன்.

"பெரட்டு! பேரு கூப்புடுறேன்! எல்லாரும் வரிசையில நில்லு!"

தம்பி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். நான் நிறுத்தவில்லை.

"செவந்தாயி!"

பனிமூட்டம் சும்மா இருந்தது.

"முத்துவீரன்!"

எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அழகர்!"

"வந்தேங்கய்யா!"

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்பாவின் குரல்தான். ஆனால் மூட்டத்துக்குள் அது எல்லாப் பக்கமிருந்தும் வந்தது மாதிரி இருந்தது. விமலசிறி காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, இன்னும், இன்னும் என்று சைகை காட்டினார். அப்பாவின் பெயரைக் கூப்பிட்டாயிற்று. பெரட்டில் அவர் பெயருக்கு அடுத்ததாக யாருடைய பெயர் வரும் என்பது எனக்குத் தெரியும். பெற்ற தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கு வாய் வரும்? அவள் செத்த பிறகும் நான் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"இராக்கம்மா!" என்று கூப்பிட்டேன்.

அவசரமாக, கெஞ்சுகிற குரலில் பதில் வந்தது.

"வர்றாங்கய்யா! இந்தா வந்துக்கிட்டே இருக்கா. புள்ளக்காம்பராவுலதான் நிக்கிறா. புள்ள முந்தானைய விட மாட்டேங்குது. அரப்பேரு போட்றாதீங்கய்யா!"

நேரம் பிந்தி வந்தால் பாதி நாள் சம்பளம்தான் போடுவார்கள். அதைத்தான் அரைப்பேர் என்பார்கள். அம்மா பிந்துவாள், அப்பா அவளுக்காகப் பேசுவார் என்பதெல்லாம் எனக்கு யாரும் சொன்னதில்லை. விமலசிறி திசையைப் பிடித்துவிட்டார். குனிந்து கிளைகளை விலக்கிக்கொண்டு மூட்டத்துக்குள் நுழைந்தார். நிறுத்தாமல் பேச வையுங்கள் என்று திரும்பிக் கையைக் காட்டினார்.

கணக்கப்பிள்ளை என்ன கேட்பார்? அதட்டித்தான் கேட்பார்.

"தெனமும் இதே பேச்சுத்தான் அழகர்! அது என்னா அப்பிடி ஒரு புள்ள?"

"அது அப்பிடித்தாங்கய்யா. அம்மாவ விட்டுப் பிரியாது. ஆயாம்மாகிட்டச் சொல்லியிருக்கேன், கொஞ்ச நேரம் தூக்கிக்கிட்டு நில்லுங்கன்னு." அடுத்த வார்த்தை சிரிப்போடு வந்தது. "கலா கெட்டிக்காரிங்கய்யா. செத்த நேரம் அழுவும், அப்புறம் சிரிச்சிரும். எங் கலாப்புள்ளக்காக இன்னிக்கு மட்டும் மன்னிச்சிருங்க."

நான் பாறையில் நின்றுகொண்டிருந்தேன். அதற்கு மேல் கணக்கப்பிள்ளையின் குரல் எனக்கு வரவில்லை. தம்பி எழுந்து வந்து என் காலைப் பிடித்துக்கொண்டான், நான் விழுந்துவிடுவேனோ என்று பயந்து. "அக்கா, ஒம் பேருதான்க்கா" என்றான். அவன் காதில் விழுந்தது என் காதில் விழவில்லை என்று நினைத்தான் போலிருக்கிறது. எத்தனை காலை அந்தப் பிள்ளையைப் பற்றி அவர் என்னிடமே சொல்லியிருக்கிறார், நான் எத்தனை காலை முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன்.

கீழேயிருந்து விமலசிறி விசில் ஊதினார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். தேயிலை மரங்களுக்கு நடுவில் சமதரையான ஒரு சின்னக் களம் இருந்தது. ஓரத்தில் உடைந்த சீமெந்துப் படி. பழைய பெரட்டுக்களம். அதற்கு நடுவில் அப்பா, இல்லாத வரிசையில், விறைப்பாக நின்றார். புதுக் காற்சட்டை முழங்கால் வரை சேறு. கால்களில் அட்டை தொங்கியது. வாஹித் குனிந்து, ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே பிடுங்க ஆரம்பித்தார்.

நான் போய் அப்பாவின் முன்னால் நின்றேன். இந்தத் தடவை நான் யார் என்று கேட்கவில்லை.

அவர் என்னைப் பார்த்ததும் கலங்கிப்போனார். "ஆயாம்மா, நீங்க இங்க வந்துட்டீங்களே, அங்க புள்ளைய யாரு பாக்குறது?"

"புள்ள அழுகைய நிறுத்திருச்சு" என்றேன்.

"நெசமாவா?"

"நெசந்தான். நா தூக்கிக்கிட்டுத்தான் நின்னேன். இப்ப சிரிக்குது."

அப்பா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படங்கின் ஒரு நுனியை அவிழ்த்து, ஈரமில்லாத இடமாகத் தேடி எடுத்து, என் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"அப்புறம் நீங்க எதுக்கு அழுவுறீங்க?" என்றார்.